ஓயாத போட்டியும் ஓயும் உடலும்

விளையாட்டு உடலுக்கு உரமூட்டும் என்பதில் ஐயமில்லை. அளவான பயிற்சி நோய் எதிர்ப்பாற்றலையும் வளர்க்கிறது. ஆனால், ஓய்வே இல்லாத போட்டி வரிசை அதே உடலை என்ன செய்கிறது? விளையாடுவோர் மட்டுமல்லர், விளையாட அனுப்புவோரும் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

1987ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் மாரத்தானில் ஓடியவர்களை டேவிட் நீமன் என்னும் அறிஞர் ஆராய்ந்தார். ஓட்டம் முடிந்த ஒரு வாரத்திற்குள் அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேர் சளி, காய்ச்சலால் துன்புற்றனர். அதேபோன்ற பயிற்சி பெற்றும் அன்று ஓடாதவர்களிடையே இது நூற்றுக்கு 2 பேர் அளவே. கடும் ஓட்டத்திற்குப் பின் இரத்தத்தில் ஒருவகை வெள்ளணுக்கள் சில மணி நேரம் குறைகின்றன; அவ்வேளையில் கிருமிகளுக்குக் கதவு திறக்கிறது என்று விளக்கம் தந்தனர்.

2018இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தார் இதை மறுத்தனர். அணுக்கள் அழிவதில்லை, நுரையீரல் போன்ற உறுப்புகளுக்குக் காவலாகச் செல்கின்றன. நெரிசல், நெடும்பயணம், தூக்கக் குறைவு ஆகியவற்றையே நோய்க்குக் காரணமாகக் கருத வேண்டும் என்பது அவர்கள் வாதம். எவர் கூற்று வென்றாலும் நமக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றே: ஓய்வும் உறக்கமும் இன்றேல் உடல் தோற்கும். ஏழு மணி நேரத்திற்கும் குறைவாக உறங்குவோர்க்கு, எட்டு மணி நேரம் உறங்குவோரைவிடச் சளி பிடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கூறுகிறது.

முன்னணிப் பூப்பந்தாட்ட வீரர்கள் ஆண்டுக்கு 12 போட்டிகளிலாவது ஆட வேண்டும் என்ற விதியை 2018இல் உலகக் கூட்டமைப்பு கொண்டுவந்தது. இந்த நெருக்கடியைச் சாய்னா நேவால் வெளிப்படையாகவே குறை கூறினார். அவர்களுக்காவது பயிற்சியாளரும் மருத்துவரும் உடன் இருக்கின்றனர். நம் சாமளாபுரத்து இளைஞனுக்கு யார் இருக்கிறார்கள்? இரவில் விசைத்தறிக் கூடத்திலோ பனியன் கம்பெனியிலோ வேலை, பகலில் வகுப்பு, மாலையில் பயிற்சி, வார இறுதியில் ஊர்தோறும் மின்னொளிக் கபடி. விடியும்வரை ஆட்டம், ஒரே தண்ணீர்க் குடுவையில் பன்னிருவர் வாய். திங்களன்று கல்லூரி அணிக்கும் அவனே வேண்டும்!

"சிறந்த ஆட்டக்காரனை உட்கார வைத்தால் கோப்பை எப்படிக் கிடைக்கும்?" என்பர் சிலர். காய்ச்சலோடு ஆடுபவன் கோப்பையும் கொணரான். தன் நோயை அணிக்கும் தருவான். காய்ச்சலில் கடுமையாக உழைத்தால் இதயத் தசையே பாதிக்கப்படலாம் என மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர்.

எனவே, அடுத்த ஆண்டுப் போட்டி அட்டவணை வகுக்கும்போது, கடும் ஆட்டங்களுக்கிடையே இரண்டு நாளாவது இடைவெளி வேண்டும். காய்ச்சல் கண்டவனைக் களமிறக்காத விதி வேண்டும். ஆளுக்கொரு தண்ணீர்க் குடுவை வேண்டும். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை. வெற்றிக் கோப்பைகள் அலமாரியை அழகு செய்யட்டும். அவற்றை வென்றோர் நலமாக நம்மிடையே நடமாடட்டும்!