வெற்றியின் படமும் வேதனையின் படமும்

2024 டிசம்பர் 16 அன்று மக்களவையில் ஒரு படத்தைப் பற்றிய கேள்வி எழுந்தது. தில்லி சவுத் பிளாக்கில், தரைப்படைத் தலைமைத் தளபதி விருந்தினர்களை வரவேற்கும் அறையில் இருந்துவந்த 1971ஆம் ஆண்டு சரணாகதிக் காட்சி அகற்றப்பட்டது குறித்து காங்கிரஸ் உறுப்பினர் பிரியங்கா காந்தி வதேரா அவையில் பேசினார். பாங்காங் ஏரியும் கிருஷ்ணரின் தேரும் சாணக்கியரும் இடம்பெற்ற புதிய ஓவியம் அந்தச் சுவருக்கு வந்திருந்தது. பழைய படம் மானெக்‌ஷா மையத்தில் நிறுவப்பட்டுள்ளது என்றும், பலரும் வந்துபோகும் அவ்விடமே அதற்கு மிகப் பொருத்தமானது என்றும் ராணுவம் விளக்கம் அளித்தது.

சர்ச்சை பெரும்பாலும், அந்தப் படம் எந்தச் சுவரில் இருக்க வேண்டும் என்பதைச் சுற்றியே நின்றது. ஆனால், 1971 போருக்கு ஒரே ஒரு படம்தானா இருக்கிறது? மற்றப் படங்கள் எங்கே? அவற்றைக் காப்பது யாருடைய பொறுப்பு? நாடாளுமன்றம் கவலைப்பட வேண்டியது இந்தக் கேள்விகளைப் பற்றித்தான்.

அதே 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அதே தில்லியில், மூத்த புகைப்படக் கலைஞர் ரகு ராய் 1965 முதல் 2005 வரை எடுத்த படங்களின் கண்காட்சி நடைபெற்றது. நடத்தியது அரசு அருங்காட்சியகம் அல்ல. சாகேத் பகுதியின் வணிக வளாகத்தில் இயங்கிய கிரண் நாடார் கலை அருங்காட்சியகம் என்னும் தனியார் அமைப்பு. ராயைப் போர்ப் புகைப்படக்காரர் என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட முடியாது. போபால் விஷவாயுத் துயரமும் அன்னை தெரசாவும் இந்திரா காந்தியும் அவருடைய படங்களின் வழியாகவே பலருடைய நினைவில் பதிந்திருக்கிறார்கள். எனினும், அவரது பெயரை முதலில் நாடறியச் செய்தது 1971தான். அன்றைக்கு ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் பணியாற்றிய அவர், எல்லை கடந்து வந்த அகதிகளையும், பின்னர் போரையும், இறுதியில் டாக்காவின் சரணாகதியையும் படமெடுத்தார். 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

சரணாகதிப் படம் சொல்வது வெற்றியை. டாக்கா குதிரைப் பந்தய மைதானத்தில் ஒரு சாதாரண மேசை. லெப்டினன்ட் ஜெனரல் ஜக்ஜித் சிங் அரோரா அருகில் அமர்ந்திருக்க, லெப்டினன்ட் ஜெனரல் நியாஜி கையெழுத்திடுகிறார். சுமார் 93 ஆயிரம் பேர் போர்க்கைதிகளான நிகழ்வின் சுருக்கம் அந்த ஒரு காட்சி. எந்த நாடும் பெருமைப்படக்கூடிய படம் அது என்பதில் இரு கருத்து இருக்க முடியாது.

ஆனால், அந்த மேசை வரையில் இந்தியாவை இழுத்து வந்தது எது என்பதை அந்தப் படம் சொல்லாது. அதைச் சொல்பவை அகதிகளின் படங்கள். மழையில் நனைந்து, சேற்றில் கால் புதைய நடந்துவரும் குடும்பங்கள். கொல்கத்தா அருகே சால்ட் லேக்கில் பெரிய சிமென்ட் குழாய்களுக்குள் அடுப்பு மூட்டிக் குடித்தனம் நடத்தியவர்கள். எதையும் கேட்காமல், எங்கோ பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் முதியவர்கள். 1971 மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம் கிழக்கு வங்காளத்தில் தொடங்கிய அடக்குமுறையைத் தொடர்ந்து இந்தியாவுக்குள் வந்தவர்கள் ஏறத்தாழ 1 கோடி பேர்.

நாடாளுமன்றத்தின் வரலாறும் இங்கிருந்தே தொடங்குகிறது. மார்ச் 31 அன்று கிழக்கு வங்காள மக்களுக்கு ஆதரவான தீர்மானத்தைப் பிரதமர் இந்திரா காந்தி கொண்டுவந்தார். டிசம்பர் 6 அன்று வங்கதேசத்துக்கான அங்கீகாரமும், டிசம்பர் 16 அன்று டாக்கா விடுதலை பெற்ற செய்தியும் மக்களவையில்தான் அறிவிக்கப்பட்டன. தீர்மானத்துக்கும் வெற்றிக்கும் இடைப்பட்ட எட்டரை மாதங்களை நிரப்பியிருப்பவர்கள் அகதிகள். அவர்களை நீக்கிவிட்டால் 1971 என்பது இரு ராணுவங்களின் மோதலாகச் சுருங்கிவிடும். இந்தியா முன்வைத்த நியாயமும் உடன் மறைந்துவிடும்.

இது பழங்கதையும் அல்ல. அசாம் மாநிலத்துக்கான குடியுரிமைச் சட்டத்தின் 6ஏ பிரிவு, வெளிநாட்டவரைத் தீர்மானிக்கும் எல்லையாக 1971 மார்ச் 25ஆம் தேதியையே வைத்திருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் அந்தப் பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. சட்டத்தில் அது ஒரு தேதி. அந்தத் தேதிக்குப் பின்னால் இருந்த மனிதர்கள் யார், எந்த நிலையில் வந்தார்கள் என்பதற்கு அழியாத சாட்சி புகைப்படங்கள்தாம்.

அந்தச் சாட்சி எவ்வளவு பலவீனமான நூலில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். ராய் 1971இல் எடுத்த படங்களின் நெகட்டிவ்கள் ஏறத்தாழ 40 ஆண்டுகள் காணாமல் போயிருந்தன. பின்னர் கிடைத்ததால்தான் 2013இல் அவை நூலாக வெளிவந்தன. ஒரு தேசத்தின் நினைவு, ஒரு தனிமனிதரின் பழைய பெட்டிக்குள் நாற்பது ஆண்டுகள் கிடந்து தற்செயலாகத் தப்பியிருக்கிறது. கிடைத்ததைப் பற்றித்தான் பேச முடிகிறது. கிடைக்காமலே அழிந்துபோனவற்றுக்குப் பட்டியல்கூடக் கிடையாது.

குறை தனிமனிதர்களுடையது அல்ல, அமைப்பினுடையது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பத்திரிகையில் பணிபுரிபவர் எடுத்த படத்தை இதழ்களில் வெளியிடும் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பத்திரிகை உரிமையாளருக்கு. மற்ற வகைகளில் முதல் உரிமை எடுத்தவருக்கு. உரிமை யாருக்கு என்று சொல்லும் சட்டம், நெகட்டிவைப் பாதுகாக்கும் கடமை யாருக்கு என்று சொல்லவில்லை. 1993ஆம் ஆண்டு பொது ஆவணங்கள் சட்டம் ஆவணம், கையெழுத்துப் பிரதி, கோப்பு, மைக்ரோபிலிம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. புகைப்படத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அரசு அலுவலகங்களில் உருவாகாத எதுவும் அதன் எல்லைக்குள் வருவதுமில்லை. 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் போர் வரலாறுகளுக்கான புதிய கொள்கையை அறிவித்து, ஆவணங்கள் பொதுவாக 25 ஆண்டுகளில் வெளிப்படையாக்கப்படும் என்றது. வரவேற்க வேண்டிய முடிவு அது. ஆனால், அங்கேயும் பேசப்பட்டவை போர் நாட்குறிப்புகளும் செயல்பாட்டுப் பதிவேடுகளும் போன்ற எழுத்து ஆவணங்களே.

திரைப்படத்துக்காக 1964இலேயே புணேயில் தேசிய ஆவணக்காப்பகம் அமைத்த நாடு இது. புகைப்படத்துக்கு அதற்கு இணையான நிறுவனம் உருவாகவில்லை. நாட்டின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரராக அறியப்படும் ஹோமாய் வியாரவாலாவின் படங்களுக்கு 2010இல் தேசிய நவீனக் கலைக்கூடம் சிறப்பான கண்காட்சி நடத்தியது. மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் கிடைத்தது. ஆனால், அவருடைய வாழ்நாள் சேகரிப்பைப் பொறுப்பேற்றுக் காப்பது அல்காஜி அறக்கட்டளை என்ற தனியார் அமைப்பு. விருது கொடுப்பதற்கு அரசு இருக்கிறது. பெட்டியைத் திறந்து, தூசி தட்டி, எண்ணிட்டு வைப்பதற்குத் தனியார் வர வேண்டியிருக்கிறது.

தனியார் அமைப்புகள் செய்வது நற்பணி. அதற்காக அவற்றுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆயினும், எதை வாங்குவது, எதைக் காட்டுவது, எப்போது கதவைத் திறப்பது என்பதெல்லாம் அவற்றின் விருப்பம். நாட்டின் போர் நினைவை முழுவதும் அந்த விருப்பத்துக்கு விட்டுவிடுவது பொறுப்பான செயலாகாது.

பிரிட்டன் வேறு வழியில் சென்றது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917ஆம் ஆண்டிலேயே போர் அருங்காட்சியகத்தைத் தொடங்க அந்த நாடு முடிவு செய்தது. 1920இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அதற்கு உறுதியான அடித்தளம் கிடைத்தது. 1982 பாக்லாந்து போரின்போது, புகழ்பெற்ற போர்ப் புகைப்படக்காரர் டான் மெக்கலினுக்குப் போர்முனை செல்ல அனுமதி கிடைக்கவில்லை. இந்திய எல்லையில் 1971ஆம் ஆண்டு அகதிகளின் துயரத்தைப் படமெடுத்தவர்களில் அவரும் ஒருவர். அதே மெக்கலினின் வாழ்நாள் பணியை, 2010இல் அரசு நிதியில் இயங்கும் அந்த அருங்காட்சியகமே பெரும் கண்காட்சியாக நடத்தியது. அரசு போருக்கு அனுப்ப விரும்பாதவரின் படங்களை அரசு நிதியிலேயே மக்களுக்குக் காட்ட முடிகிறது என்றால், அந்த அமைப்புக்கு உள்ள தன்னாட்சிதான் காரணம்.

இந்தியாவில் இதற்கு எழக்கூடிய முதல் ஆட்சேபம் ராணுவ ரகசியம். அரை நூற்றாண்டைக் கடந்த அகதி முகாம் படத்தில் காக்க வேண்டிய ரகசியம் எதுவும் இல்லை. இரண்டாவது ஆட்சேபம் சற்று வலுவானது. அரசே காப்பகம் நடத்தினால், வெற்றியை மட்டும் மாட்டிவைத்து, சங்கடமானவற்றைப் பூட்டிவைக்காதா? 1971 டிசம்பர் 18 அன்று, சரணாகதிக்கு இரண்டு நாள் கழித்து, பாகிஸ்தானுக்கு ஒத்துழைத்ததாகப் பிடிக்கப்பட்ட சிலரை முக்தி வாகினியினர் டாக்காவில் கூட்டத்தின் முன்னிலையில் துப்பாக்கிக் கத்தியால் குத்திக் கொன்றனர். அதைப் படமெடுத்த ஹோர்ஸ்ட் பாஸ், மிஷேல் லோரான் இருவருக்கும் 1972ஆம் ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. வென்றவர் பக்கத்துக் கொடுமையைக் காட்டும் இத்தகைய படத்துக்கும் இடமளிக்கத் துணியாத காப்பகம், விளம்பரப் பலகையாகவே இருக்கும். ஆகவேதான் அமைச்சகத்தின் கட்டுப்பாட்டில் அல்லாமல், நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் தன்னாட்சி அமைப்பாக அது அமைய வேண்டும்.

செய்ய வேண்டியவை எட்டாத காரியங்களும் அல்ல. பொது ஆவணங்கள் சட்டத்தில் புகைப்படத்தைப் பெயர் சொல்லிச் சேர்க்கலாம். பத்திரிகை நிறுவனங்களிடமும் புகைப்படக்காரர்களின் குடும்பங்களிடமும் உள்ள நெகட்டிவ்களை, அவர்களுடைய உரிமைக்கு ஊறு நேராமல், பொதுச் செலவில் படியெடுத்துப் பாதுகாக்கலாம். படத்தை எடுத்தவர் பெயரும் இடமும் நாளும் பதிவாக வேண்டும். படத்தில் உள்ளவர்களுக்கும் மானம் உண்டு என்பதை மறவாத விதிமுறைகளுடன், அவை தில்லியைத் தாண்டி மாநிலத் தலைநகர்களுக்கும் செல்ல வேண்டும். காலம் அதிகமில்லை. 1971இல் இருபது வயதாக இருந்த புகைப்படக்காரருக்கு இப்போது எழுபது வயதைத் தாண்டிவிட்டது. நெகட்டிவுக்கு ஈரமும் வெப்பமும் பகை.

2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்த நாட்களில், முஜிப்நகர் நினைவிடத்தில் 1971 போரைச் சித்திரித்த சிலைகள் உடைக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில், தில்லியில் ஒரு படம் சுவர் மாறியது. இரண்டும் ஒன்றல்ல, ஒன்று வன்முறை, மற்றொன்று நிர்வாக முடிவு. ஆனால், சிலையும் ஓவியமும் ஆட்சியின் விருப்பத்துக்கும் கூட்டத்தின் கோபத்துக்கும் உட்பட்டவை என்பதை இரண்டுமே காட்டுகின்றன. நடந்ததை நடந்தபடி பதிவு செய்த நெகட்டிவ் ஒன்றுதான் எந்த அணிக்கும் சாயாத சாட்சி. சுவருக்காக வாதாடிய உறுப்பினர்கள், இரு தரப்பிலும், அந்தச் சாட்சிக்காகவும் ஒருநாள் அவையில் எழுந்து நிற்க வேண்டும்.