பழைய கட்டிலுக்குக் கடல் போக்கிடமல்ல

உடைந்த கட்டிலையும் நைந்த மெத்தையையும் எங்கே போடுவது? பெருநகரவாசிக்கு இது சிறு தொல்லை. அந்தமான் தீவுவாசிக்கோ பெரும் சிக்கல். 8,249 சதுர கி.மீ. பரப்புள்ள அந்தமான் நிகோபார் தீவுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் காடு. குப்பை கொட்ட நிலமில்லை. சென்னையோ கடல் வழியே சுமார் 1,200 கி.மீ. தொலைவில் உள்ளது.

குப்பையைத் தெருவிலும் நீர்நிலையிலும் வீசுவதையும் எரிப்பதையும் 2016-ம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடை செய்தன. ஆனால், மாற்று வழி காட்டாத தடை, கழிவை இரவோடு இரவாக ஓடைக்கரைக்கே அனுப்பும்.

எனவே, 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், மாதம் ஒரு நாள் வீடு தேடி வந்து பெரிய பொருள்களைச் சேகரிக்க வேண்டும். தீவுகளில் மரம் வெட்டுவதை உச்ச நீதிமன்றம் 2002-ல் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அங்கு பழைய படாக் மரப் பலகையும் செல்வமே. அது தச்சர்களைச் சேரட்டும். இரும்பும் பிளாஸ்டிக்கும் சென்னை திரும்பும் சரக்குக் கப்பல்களில் செல்லட்டும்.

செலவாகும் என்பது உண்மையே. எனினும், அதை ஏழைக் குடும்பத்தின் தலையில் கட்டினால் கழிவு மீண்டும் கடலுக்கே போகும். சுற்றுலா வருவாயில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குவதே நியாயம்.