சக்கையும் சர்க்கரையும்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் ரயிலில் மணவூரைத் தாண்டினால் அடுத்த ஸ்டேஷன் திருவாலங்காடு. ரத்தின சபை என்று பெயர் பெற்ற அவ்வூருக்குக் காலைத் தூக்கி ஆடிய பெருமானைத் தரிசிக்கப் போகிறவர்கள் உண்டு. கரும்புப் பாரத்தோடு போகிறவர்களும் உண்டு. திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்திருப்பது திருத்தணியில் அன்று, திருவாலங்காட்டில்தான்.

சர்க்கரை ஆலை என்றால் சர்க்கரை செய்யும் இடம் என்றே நாம் எண்ணியிருக்கிறோம். கணக்கைப் பார்த்தால் விஷயம் வேறாக இருக்கிறது. 100 டன் கரும்பை அரைத்தால் கிடைக்கும் சர்க்கரை ஏறக்குறைய 9 அல்லது 10 டன். சக்கையோ 28 முதல் 30 டன்! அதற்கு மேல் 4 டன் அளவுக்குக் கழிவுப்பாகு. மூன்று நான்கு டன் கசடு. ஆகவே, நிறையச் சக்கையும் கொஞ்சம் சர்க்கரையும் செய்யும் இடம் என்று சொல்வதே பொருந்தும். இந்த மிச்சங்களை என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தே ஆலையின் லாபமும் நஷ்டமும் இருக்கின்றன.

1932-ஆம் வருஷத்தில் நம் நாட்டுச் சர்க்கரைத் தொழிலுக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. சில வருஷங்களுக்குள் ஆலைகள் பல மடங்கு பெருகின. கூடவே கழிவுப்பாகும் பெருகியது. அதை வாங்குவார் இல்லை. கொட்ட இடமும் இல்லை. இன்று அதே பாகிலிருந்து வடிக்கும் எத்தனால் பெட்ரோலுடன் கலக்கப்படுகிறது. கசடு வயலுக்கு எருவாகிறது. சக்கை பாய்லரில் எரிந்து நீராவி தருகிறது, மின்சாரமும் தருகிறது. கரூருக்கு அருகே காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை 1984 முதல் சக்கையிலிருந்தே காகிதம் செய்து வருகிறது.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் கழிவுகள். கண்ணுக்குத் தெரியாத கழிவே பொல்லாதது. பிழிந்த சக்கையிலும் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுக்குச் சர்க்கரை தங்கிவிடுகிறது. தேங்காயை ஒரே முறை பிழிந்துவிட்டுத் திப்பியை எறிந்துவிடும் மருமகளை எந்த மாமியாராவது மன்னிப்பாளா? வெந்நீர் தெளித்து இரண்டாம் பால், மூன்றாம் பால் எடுக்க வேண்டும் அல்லவா? ஆலையிலும் அதே கதைதான். உருளைகளுக்கிடையே சக்கையின்மேல் நீர் தெளித்து மறுபடியும் பிழிகிறார்கள். ஆனால் நீரை அதிகமாக ஊற்றினால் அதை வற்றவைக்க அதிக நீராவி செலவாகும். அளவறிந்து செய்வதிலேதான் சாமர்த்தியம் இருக்கிறது.

ஓர் உதாரணம் பாருங்கள். நாளொன்றுக்கு 2,500 டன் அரைக்கும் ஆலை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சக்கையில் தங்கும் சர்க்கரை நூற்றுக்கு இரண்டரையிலிருந்து இரண்டாகக் குறைந்தால், பாகோடு போவதைத் தள்ளியும் நாளொன்றுக்கு 3 டன் சர்க்கரை மிஞ்சும். 150 நாள் அரவையில் 450 டன். கிலோ 30 ரூபாய் என்று மதிப்பிட்டால் 1 கோடியே 35 லட்சம் ரூபாய்! இதற்காக ஒரு கரும்பைக்கூட அதிகமாக வாங்க வேண்டியதில்லை.

இன்னொரு விரயம் ஆலை வாசலிலேயே நடக்கிறது. வெட்டிய கரும்பு ஒரு நாள் கடந்தால் காயத் தொடங்கும், எடை குறையும், உள்ளிருக்கும் சர்க்கரையும் சிதையும். எடை மேடைக்கு முன்னால் வண்டிகள் காத்து நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் குடியானவனுக்கும் நஷ்டம், ஆலைக்கும் நஷ்டம். ஜப்பானில் டொயோட்டா மோட்டார் கம்பெனியின் தாயிச்சி ஓனோ என்பவர் தொழிற்சாலை விரயங்களை ஏழு வகையாகப் பிரித்தார். அவற்றுள் ஒன்று, வெறுமே காத்திருத்தல். குப்பைக் கூடையில் விழாததும் விரயமே என்று உலகத்துக்கு எடுத்துக் காட்டியவர் அவர்.

இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. இன்ன தோட்டத்தில் இன்ன நாள் வெட்டு என்று முறை வகுத்து, அம்முறை தவறாமல் வண்டிகளை வரவழைத்தால் போதும். தினந்தோறும் சக்கையைச் சோதித்து, முந்திய நாள் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கமும் வேண்டும்.

தனி முதலாளியின் ஆலையானால், விரயம் அவர் பாடு என்று நாம் சும்மா இருந்துவிடலாம். கூட்டுறவு ஆலையில் முதலாளி யார்? கரும்பு பயிரிடுகிறவனே பங்குதாரன். அன்றியும், கரும்பின் விலையை ஆலையின் பிழிதிறனோடு இணைத்தே மத்திய சர்க்கார் நிர்ணயிக்கிறது. எனவே சக்கையோடு போகும் ஒவ்வொரு பிடி சர்க்கரையும் அவனுடைய மடியிலிருந்தே போகிறது.

லாபத்தைப் பெருக்க விலையை உயர்த்துவது ஒரு வழி. கூலியைக் குறைப்பது மற்றொரு வழி. முன்னதில் வாங்குகிறவன் வருந்துவான். பின்னதில் உழைக்கிறவன் வருந்துவான். விரயத்தைக் குறைப்பதில் வருந்துவதற்கு ஒருவரும் இல்லை. நம் வீட்டுப் பெண்கள் அடுப்பங்கரையில் நெடுங்காலமாய் அறிந்திருக்கும் இந்த ரகசியத்தை ஆலைகளும் கற்றுக்கொண்டால் தேசத்துக்கு க்ஷேமம்.