ஐந்து ஜெராக்ஸ்

அக்கா மகன் வண்டியிலிருந்து விழுந்த அன்று நாங்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "எலும்பு ஏதும் முறிஞ்சிருக்கா?" காறை எலும்பு முறிந்திருந்தது. இரண்டு மாதத்தில் கூடியது. எங்கள் கவலையும் அத்தோடு தீர்ந்தது. வலது கை மட்டும் தோளிலிருந்து துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"கட்டுலயே கிடந்த கை, மரத்துப்போயிருக்கும்" என்றார் மாமா. நான் தைலம் வாங்கிக் கொடுத்தேன். அம்மா உருவிவிட ஆள் பிடித்தாள். ராத்திரியில் கை எரிகிறது என்பான். தொட்டால் தெரியாத கை எப்படியடா எரியும் என்று மடக்கினோம். அத்தை சொன்னதை எழுதக் கூச்சமாக இருக்கிறது: "வேலைக்குப் போகத்தான் வலிக்குது." யாரும் மறுத்துப் பேசவில்லை. சிலர் சிரிக்கவும் செய்தோம்.

கழுத்துத் தண்டிலிருந்து இறங்கும் ஐந்து நரம்பு வேர்கள் காறை எலும்புக்குப் பின்னால் பின்னிப் பிரிந்துதான் கை முழுவதற்கும் போகின்றன. விழும்போது தலை ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் இழுபட்டால் அந்தப் பின்னல் நைந்துபோகும், அறுந்தும் போகும், சில சமயம் தண்டுவடத்திலிருந்து வேரோடு பிடுங்கிக்கொள்ளும். நைந்தது தானாகத் தேறலாம். மற்றவற்றுக்கு ஆபரேஷன், அதுவும் ஆறு மாதத்துக்குள். ஒட்டுப்போட்ட நரம்பு நாளைக்கு 1 மில்லிமீட்டர் அளவுதான் வளரும். ஒன்றரை வருடம் நரம்பு வந்து சேராத தசை வற்றிப்போகும், பிறகு நரம்பு வந்தும் பயனில்லை.

இதெல்லாம் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியின் இரண்டாம் பக்கத்தில், மூன்று வாரம் கழித்து நரம்புப் பரிசோதனைக்கு வரவும் என்று எழுதியிருந்தது. இன்சூரன்சுக்காக அதை ஐந்து ஜெராக்ஸ் எடுத்தவன் நான். கையெழுத்துப் போட்டவர் மாமா.

ஒருநாள் அவன் கை அயர்ன் பாக்ஸ்மேல் பட்டது. தோல் கருகும் வாடை அடுப்படியில் இருந்த அக்காவுக்குத்தான் வந்தது. அவன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் ஓடினோம். விபத்து நடந்து பதினாறு மாதம் ஆகியிருந்தது.

முழங்கையை மடக்க வேறிடத்துத் தசையை எடுத்து வைத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். தோளுக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. இடது கையால் கையெழுத்துப் பழகுகிறான்.

உங்கள் வீட்டில் யாராவது வண்டியில் விழுந்து கை தூக்க வரவில்லை என்றால், எக்ஸ்ரேயோடு திரும்பிவிடாதீர்கள். நரம்பு பார்க்கும் டாக்டரிடம் அந்த மாதமே கூட்டிப் போங்கள்.