கூரை மாடியில், கார் தெருவில்!

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய மனிதர் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வந்தார். மாடியில் என்ன இருக்கிறது? காய்கிற வற்றல், ஒரு துளசித் தொட்டி, மூலையில் புறாக் கூண்டு. அவர் வற்றலைப் பார்க்கவில்லை. புறாக் கூண்டை மூன்று தரம் பிரதட்சிணம் செய்தார். பிறகு அதன் மேல் கவிழ்த்திருந்த தகரத்தைத் தட்டிப் பார்த்து, "அம்மா, இது அசல் கூரைதானே? இதையும் சேர்த்துத்தான் விலை பேசுகிறேன்" என்றார்.

அந்தத் தகரம் ஒரு காலத்தில் எங்கள் ஹெரால்டு காரின் தலையில் இருந்தது. அதைக் கழற்றி எடுத்த பிறகுதான் எங்கள் வீட்டுக்காரருக்கு அந்தக் கார் மேல் ஆசையே பிறந்தது! வடசென்னையில் புறா வளர்க்காத தெரு ஏது? வாங்கிய கூரை வீணாகக் கூடாதென்று கூண்டுக்குப் போட்டுவிட்டார்.

ஹெரால்டு நம் ஊர்க் கார் என்பது உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரரான மிக்கெலோட்டி. 1961 முதல் நம் வண்டலூர்ப் பக்கத்து ஸ்டாண்டர்டு கம்பெனி இங்கேயே அதைச் செய்து விற்றது. பின்னால் நாலு கதவு ஹெரால்டு என்று ஒன்றை நம்மவர்களே உண்டாக்கினார்கள். கம்பெனி 1988-ல் கார் செய்வதை நிறுத்திவிட்டது.

மற்றக் கார்களைப் போல் ஒரே கூடாக வார்த்த வண்டி அல்ல இது. அடியில் தனிச் சட்டம். அதன் மேல் உடம்பைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். கூரையும் அப்படித்தான், சம்புடத்து மூடி மாதிரி. போல்ட்டுகளைக் கழற்றினால் தனியே வந்துவிடும். இதே சட்டத்தை வைத்துக்கொண்டுதான் 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற பந்தயச் சாயல் கொண்ட திறந்த காரையும் அந்த இங்கிலீஷ் கம்பெனி செய்தது. ஆகவே எங்கள் வீட்டுக்காரர் செய்ததில் தப்பில்லை என்று அவரே பல தரம் எனக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார். புதுப்பேட்டையில் ஒரு மேஸ்திரியைப் பிடித்துக் கித்தானில் மடிப்புக் கூரை தைத்து, ஆர்.சி. புத்தகத்திலும் எழுதி வாங்கிவிட்டார். கல்யாணமாகி இரண்டாவது வருஷம் அது. வீட்டில் அரைக்க ஒரு மிக்ஸி கிடையாது!

அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. கார் ஷெட்டில் இருந்தது. வெளியூரிலிருக்கும் என் மகன், "வித்துடுங்கம்மா, இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது" என்றான். மகள், "நான் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போறேம்மா" என்றாள். அவளுக்கு வேலை திருவொற்றியூரில். கல்யாணமாகிப் போய், இரண்டு வருஷத்துக்கு முன் பெட்டியோடு திரும்பி வந்தவள். காரணம் இங்கே வேண்டாம். எதிர் வீட்டு அம்மாள் மட்டும் விடவில்லை. "வீட்டுக்கு வந்திருக்கிற பொண்ணு, திறந்த காரிலே ஊர் பார்க்கப் போகணுமா?" என்று என்னைக் கேட்டாள். எனக்கும் மனத்துக்குள் அது சுருக்கென்றது. பொய் சொல்வானேன்?

சரி, நாமே பார்த்துவிடுவோம் என்று ஒரு வாரம் அவளோடு காரில் போய் வந்தேன். கிழவி கூட உட்கார்ந்திருந்தால் வாய்கள் கொஞ்சம் அடங்கும் என்ற எண்ணமும் இருந்தது.

பேசின் பிரிட்ஜிலிருந்து மிண்டு வழியாக ராயபுரம், காசிமேடு, அப்புறம் எண்ணூர் நெடுஞ்சாலை. காலை எட்டு மணிக்கே ரெக்சின் ஸீட் தோசைக் கல்லாகக் காய்ந்து கிடக்கும். ஒரு கெட்டித் துவாலை இல்லாமல் உட்காராதீர்கள். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் தேர்வடம் மாதிரி வரிசை கட்டி நிற்கும். மூடிய காரில் இருந்தால் அது வெறும் தாமதம். திறந்த காரில் அவற்றின் புகைக் குழாய் நம் மூக்குக்கு நேரே! வண்டி நகராமல் நின்றால் என்ஜின் சூடேறிக் கொதிக்கும். தண்ணீர்ப் புட்டி இல்லாமல் கிளம்பக் கூடாது. காசிமேட்டுக் காற்றில் உப்பு இருக்கிறது. இரண்டு நாளைக்கு ஒரு தரம் நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் கதவின் அடியில் துரு பூத்துவிடும். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில் ராயபுரத்தில் வெள்ளைப் புடைவை உலர்த்த முடியாது. 2011-ல் கோர்ட்டு உத்தரவால் அந்தக் கரி எண்ணூருக்குப் போயிற்று. அதற்கு முன்னால் என்றால் என் பெண் ஆபீசுக்குப் போய்ச் சேரும்போது கொல்லன் பட்டறையிலிருந்து வந்தவள் போல் இருந்திருப்பாள். பாவம், எண்ணூர்க்காரர்கள் என்ன பாவம் செய்தார்களோ!

இன்னொரு விஷயம், பெண்களுக்கென்றே சொல்வது. திறந்த காரில் முந்தானையையும் துப்பட்டாவையும் பறக்க விடாதீர்கள். இஸடோரா டங்கன் என்ற பெயர் பெற்ற நடனக்காரி, 1927-ம் ஆண்டு பிரான்ஸில் நீஸ் நகரத்தில் திறந்த காரில் போகும்போது, கழுத்தில் சுற்றியிருந்த நீண்ட பட்டுத் துணி சக்கரத்தில் சிக்கி உயிரை விட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும். பின்னலைக் கொண்டையாக முடிந்து, தலையில் ஒரு கைக்குட்டை. என் மகள் இதைச் செய்தாளா என்று நான் தினமும் வாசலில் நின்று பார்க்கிறேன். கைப்பையைப் பக்கத்து ஸீட்டில் வைப்பதும் ஆகாது. சிக்னலில் நிற்கும்போது எவனுக்கும் எட்டும்.

காரைப் பற்றி நல்லது சொல்லவில்லையே என்கிறீர்களா? சொல்கிறேன். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் இந்த வண்டி திரும்பிவிடும். எங்கள் சந்தில் ஆட்டோக்காரரே பின்னால் எடுத்து முன்னால் எடுத்துத் திணறும் இடத்தில், என் மகள் ஒரே சுற்றில் திருப்பிக்கொண்டு போகிறாள். ரிப்பேர் என்றால் முன் மூடி, மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக முன்புறம் கவிழும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு, அரிவாள்மணையில் காய் நறுக்குகிற மாதிரி சாவகாசமாக வேலை பார்க்கலாம். பிரேக்கைத்தான் நம்பக் கூடாது. இந்தக் காலத்துக் கார் நிற்கிற தூரத்தில் இது நிற்காது. வளைவில் வேகமாக வந்து திடீரென்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின் சக்கரங்கள் உள்ளே மடங்கப் பார்க்கும். வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைத்துவிட வேண்டும்.

செலவுக் கணக்கைக் கேட்டால் மூச்சு நிற்கும். இப்போது பங்கில் போடுவது நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பர்க் குழாய்களை மெல்ல மெல்ல அரித்துவிடும். எங்கள் மேஸ்திரி முதல் காரியமாகக் குழாய்களையும் வாஷர்களையும் புதிய தினுசாக மாற்றச் சொன்னார். இந்தப் பெட்ரோல் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், மாதக் கணக்கில் ஷெட்டில் போட்டு வைப்பதைவிடத் தினம் ஓட்டுவதே வண்டிக்கு நல்லது என்றும் சொன்னார். இதைக் கேட்டு என் மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பதினைந்து வருஷத்துக்கு மேற்பட்ட காரின் பதிவைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாய். 2022-ல் அதை 5,000 ஆக்கினார்கள். அதோடு எப்.சி.யும் பார்க்க வேண்டும்.

இங்கேதான் மாடிக்கு வந்த பெரிய மனிதரின் கதை வருகிறது. 2021-ல் சர்க்கார் ஒரு விதி போட்டது. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட, அசல் உருவம் மாறாத கார்களுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்தோடு தனி நம்பர் உண்டு. கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனால் அந்த நம்பர் வாங்கிய வண்டியைத் தினசரி ஓட்டக் கூடாது! கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் போகலாம். பெட்ரோல் போடவும் ரிப்பேருக்கும் போகலாம். அவ்வளவுதான். நம் பெரிய மனிதருக்கு அந்த நம்பர் வேண்டும். அதற்கு உடம்பு அசலாக இருக்க வேண்டும். ஆகையால் எங்கள் கூரை அவருக்கு வேண்டும். காரின் தலையில் மறுபடியும் அதை முடுக்கி, பளபளவென்று வர்ணம் அடித்து, ஹாலில் நிறுத்தப் போகிறாராம். நல்ல மனிதர், சொன்ன விலையும் நல்ல விலை. மகன் டெலிபோனில் "ஒத்துக்குங்கம்மா" என்று குதிக்கிறான்.

அந்த ஒரு வாரத்தில் கடைசி நாள் மிண்டு சிக்னலில் நின்றோம். பூக்காரப் பெண் ஒருத்தி வந்து, "இன்னாக்கா, நேத்து வரலையா?" என்று என் மகளைக் கேட்டாள். மூடிய காரிலோ மெட்ரோவிலோ போகிறவளை யார் இப்படிக் கேட்பார்கள்? என் மகள் சிரித்துக்கொண்டே ஏதோ பதில் சொன்னாள். அவள் வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டது இல்லை. கடைசியாகக் கேட்டது எப்போது என்று யோசித்தேன். அவளுக்கு ஏழு வயதில் ஓர் ஐப்பசி மாலை. கணேசபுரம் சுரங்கப் பாதையில் தண்ணீர் ஏறி, இதே கார் நடுவில் நின்றுவிட்டது. கித்தான் கூரை பாதியில் சிக்கிக்கொண்டு மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் நின்றது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். புளியந்தோப்புப் பிள்ளைகள் நாலு பேர் கூடத் தள்ளினார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு அவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன். இவள் மட்டும் ஸீட்டின் மேல் ஏறி நின்று, மழையில் நனைந்தபடி கைகொட்டிச் சிரித்தாள்.

மகளிடம் சில நிபந்தனைகள் போட்டிருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் கார் ஷெட்டை விட்டு நகரக் கூடாது. 2021 முதல் விம்கோ நகர் வரையில் மெட்ரோ ரெயில் ஓடுகிறது. கண்டெய்னர்கள் அடைத்துக்கொண்ட நாளிலும் அதில்தான் போக வேண்டும். ரிப்பேர்ச் செலவு அவள் சம்பளத்திலிருந்து. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள்.

எதிர் வீட்டு அம்மாள் நேற்று வந்து, பெரியபாளையத்துக்கு ஒரு நாள் காரில் அழைத்துப் போக முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பெரிய மனிதர் வருகிற ஞாயிற்றுக்கிழமை முன்பணத்தோடு வருகிறார். மகனுக்கும் அவருக்கும் பட்டென்று மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. காபி கொடுத்து, கூண்டில் இரண்டு ஜோடி முட்டையிட்டிருக்கின்றன, அவை பொரித்துப் பறக்கிற வரையில் கூரையில் கை வைக்க முடியாது என்று சொல்லி அனுப்பப் போகிறேன். புறா வருஷம் பூராவும் முட்டையிடும் என்பது அவருக்குத் தெரியுமோ, என்னவோ!