கடைசி வரிசையிலிருந்து ஒரு தொடக்க விழா

மாவட்டத் தலைநகர் ஒன்றில் நலத்திட்டத் தொடக்க விழாவுக்கு முந்தைய இரவு. மணி இரண்டைத் தாண்டிவிட்டது. மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த நாற்பது அடி எல்இடி திரையை முதன்முறையாகப் போட்டுப் பார்க்கிறோம். ‘தொடக்க விழா’ என்று வர வேண்டிய இடத்தில் கொம்பு ஒரு பக்கம், ‘த’ நடுவில், துணைக்கால் தனியாக என்று எழுத்து சிதறிக் கிடக்கிறது. வடிவமைத்தவரின் கணினியில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. திரையை இயக்கும் மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை.

அந்த நேரத்தில் பந்தலில் இருந்த அதிகாரிகள் யார் கண்ணிலும் அது படவில்லை. அவர்களுக்கு வேறு கவலை: எந்தத் தலைவர் படம் எந்தப் பக்கம் வர வேண்டும், யார் முகம் யாருடையதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. நாங்கள் எழுத்துகளையெல்லாம் படமாக மாற்றி மறுபடி ஏற்றி முடித்தபோது பொழுது விடியும் நேரம். மறுநாள் அந்த மைதானத்துக்கு வரப்போகிறவர்களில் பெரும்பாலோர் அந்தத் திட்டத்தின் பெயரை முதன்முதலாகப் படிக்கப்போவது அந்தத் திரையில்தான். நான்கு எழுத்து உடைந்தால் என்ன என்று யாராவது கேட்டால் என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

இருபது ஆண்டுகளாக விழா வடிவமைப்பிலும் மேடைப் பணியிலும் இருக்கிறேன். அரசு விழாவுக்கான வேலை ஆணையில் மேடையின் நீள அகலம், திரையின் அளவு, வரவேற்பு வளைவுகளின் எண்ணிக்கை, முன்வரிசை சோபா, பூ அலங்காரம் எல்லாம் வரி வரியாக இருக்கும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குப் பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும், திட்டத்தில் சேர நாளை எங்கே போவது என்பது தெரிந்து அவர் வீடு திரும்ப வேண்டும் என்ற வரியை என் கைக்கு வந்த எந்த ஆணையிலும் பார்த்ததில்லை. அந்த வரி ஆணையில் ஏற வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முகங்களைப் பற்றிய சண்டை நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. அரசு விளம்பரங்களில் குடியரசுத் தலைவர், பிரதமர், இந்தியத் தலைமை நீதிபதி ஆகியோரின் படங்கள் மட்டுமே இருக்கலாம் என்று 2015 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாநிலங்கள் மறுஆய்வு கேட்டன. 2016 மார்ச்சில் ஆளுநர், முதல்வர், அமைச்சர் படங்களுக்கும் வழி திறந்தது. 2022-இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் விளம்பரங்களில் பிரதமரின் படம் இல்லை என்று பாஜகவினர் பலகைகளில் அவர் படத்தைக் கொண்டுபோய் ஒட்டினார்கள். தமிழக அரசு சொன்ன காரணத்தை ஏற்காத சென்னை உயர் நீதிமன்றம், குடியரசுத் தலைவர், பிரதமர் படங்கள் இடம்பெற வேண்டும் என்று தொடக்க விழா நடந்த ஜூலை 28 அன்றே உத்தரவிட்டது. இத்தனை ஆண்டு வழக்குகளில் எந்த முகம் என்ற கேள்விக்குக் கிடைத்த கவனத்தில் கால்பங்குகூட, அந்த விளம்பரத்தால் மக்களுக்கு என்ன தெரிந்தது என்ற கேள்விக்குக் கிடைக்கவில்லை.

ஆனால், முகமே இல்லாத வடிவமைப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காட்டியதும் அதே செஸ் ஒலிம்பியாட்தான். ரஷ்யாவில் நடந்திருக்க வேண்டிய போட்டி, உக்ரைன் மீதான படையெடுப்புக்குப் பிறகு அங்கிருந்து எடுக்கப்பட்டு 2022 மார்ச்சில் சென்னைக்குக் கிடைத்தது. கையில் நான்கரை மாதம். 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் ஆட்டக்காரர்கள் மாமல்லபுரத்துக்கு வரப்போகிறார்கள். இந்த நெருக்கடியில் பிறந்ததுதான் ‘தம்பி’: சதுரங்கக் குதிரைக்கு வேட்டி சட்டை உடுத்திக் கைகூப்பி நிற்க வைத்த உருவம். அந்தப் பெயரை யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. டீக்கடையிலும் பேருந்திலும் முகம் தெரியாதவரைக்கூட நாம் கூப்பிடும் சொல் அது. அண்ணா தன் கடிதங்களில் ஆயிரமாயிரம் பேரை அழைத்த சொல்லும் அதுதான். சதுரங்கம் ஆடத் தெரியாதவர்களும் அந்தக் குதிரையைத் தம்பி என்றே கூப்பிட்டார்கள்.

பிறகு சென்னையின் நேப்பியர் பாலம். வளைவுகளிலிருந்து சாலைவரை கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். எந்தத் தலைவரின் படமும் தேவைப்படவில்லை, ஒரு வரி வாசகமும் தேவைப்படவில்லை. அழைப்பிதழ் கிடைக்காதவர்கள், அரங்கத்துக்குள் கால் வைக்க முடியாதவர்கள், கடற்கரைச் சாலையில் வேலைக்குப் போகிற வழியில் விழாவுக்குள் நுழைந்து வெளியே வந்தார்கள். வண்டியை ஓரம்கட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். பார்வையாளர் நிற்கும் இடத்திலிருந்து யோசித்ததால் வந்த பலன் அது.

மேடைப் பணிக்கு வருகிறேன். ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர் போகும். மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரை மைக்கில் சொன்ன சொல் அடைய ஏறக்குறைய மூன்றில் ஒரு நொடி ஆகும். நடுவில் இன்னொரு ஜோடி ஒலிபெருக்கியைச் சும்மா கட்டிவிட்டால், அதிலிருந்து ஒரு முறையும் மேடையிலிருந்து இன்னொரு முறையுமாக ஒரே சொல் இரண்டு தடவை வந்து மோதும். பேச்சு கூழாகிவிடும். மேடையின் ஒலி அந்த ஒலிபெருக்கி இருக்கும் இடம்வரை வர எவ்வளவு நேரம் ஆகுமோ, அதற்குப் போகும் ஒலியை அந்த அளவு தாமதப்படுத்தி அனுப்ப வேண்டும். ‘டிலே’ வைப்பது என்போம். பெரிய செலவில்லை. ஆனால் அதற்குக் கூட்டத்தின் நடுவே கம்பம் நிறுத்த வேண்டும். ஒரு விழாவில், கேமராவில் கம்பம் தெரிகிறது என்று அன்று காலையில் அதைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினோம். அன்று பின்வரிசையில் இருந்த தாய்மார்கள் கைதட்டியது முன்வரிசையைப் பார்த்துத்தான்.

கேட்காமல் போவதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. 2023 ஏப்ரல் 16 அன்று நவி மும்பையின் கார்கரில் மகாராஷ்டிர அரசின் விருது விழா திறந்தவெளியில் நடந்தது. மேடைக்கு நிழல் இருந்தது. லட்சக்கணக்கில் கூடியிருந்த மக்களுக்கு இல்லை. பகல் வெயிலில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் மயங்கி விழுந்தார்கள். 14 பேர் இறந்துபோனார்கள். அது கூட்டத்தை வரைபடத்தில் வெற்று இடமாக விட்டதன் விளைவு என்றே நான் படிக்கிறேன். எங்கள் தொழிலில் மேடைக்கு முப்பரிமாணப் படம் வரைந்து காட்டுவோம், ஒவ்வொரு விளக்கும் எங்கே விழும் என்று குறிப்போம். பார்வையாளர் பகுதியை ஒரு கட்டம் போட்டு ‘பொதுமக்கள்’ என்று எழுதி விட்டுவிடுவோம். அந்தக் கட்டத்துக்குள் எத்தனை மணிக்கு எந்தப் பக்கமிருந்து வெயில் வரும், தண்ணீர் எங்கே, கைக்குழந்தையோடு வந்தவர் எந்த வழியாக வெளியேறுவார் என்று வரைய மேடைக்கு ஆகும் நேரத்தில் பாதிகூட ஆகாது.

கோவை அவினாசி சாலையையும் மறக்க முடியாது. 2017 நவம்பரில் அரசின் எம்ஜிஆர் நூற்றாண்டு விழாவுக்காகச் சாலையில் கட்டிக்கொண்டிருந்த அலங்கார வளைவின் அருகே, அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வந்திருந்த இளம் பொறியாளர் ஒருவர் இரவு விபத்தில் இறந்தார். அவரைக் கொன்றது யார் என்று அந்தச் சாலையிலேயே பெரிய எழுத்தில் எழுதினார்கள். விபத்துக்கு வளைவு காரணமில்லை என்று காவல் துறை சொன்னது. நான் அந்த விவாதத்துக்குள் போகவில்லை. போகிற சாலையில் வளைவு எதற்கு என்பதே என் கேள்வி. அது திட்டத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

இன்னொன்று, தொடக்கம் என்பது மேடையில் நடப்பதாக நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியது. அதற்கு முதல் நாளே பல பெண்களின் வங்கிக் கணக்கில் ஆயிரம் ரூபாய் ஏறத் தொடங்கியிருந்தது. அவர்களுக்குத் திட்டம் தொடங்கிய இடம் கைப்பேசித் திரை. விண்ணப்பம் ஏற்கப்படாதவர்களுக்குக் காரணமும் குறுஞ்செய்தியில்தான் வந்தது, மேல்முறையீடு செய்ய 30 நாள். அந்தக் குறுஞ்செய்தியின் ஒவ்வொரு சொல்லும், விண்ணப்பப் படிவத்தின் ஒவ்வொரு கட்டமும், இ-சேவை மையத்து வாசலில் ஒட்டும் ஒரு பக்கத் தாளும் விழா வடிவமைப்பின் பகுதிகளே. மேடைக்குக் கொடுக்கும் அக்கறையில் ஒரு பங்கை அங்கே கொடுத்தால் பல பெண்களின் ஒரு நாள் கூலி மிஞ்சும்.

எழுத்து உடைந்த திரையோடு தொடங்கிய அந்த விழாவுக்குத் திரும்புகிறேன். பயனாளிகளில் பத்துப் பேரை மேடைக்கு அழைத்துத் திட்டத்துக்கான ஆணை கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு அன்று மாலை பந்தலிலேயே வினியோகம். சாமான்களைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் கையில் ஆணையோடு என் மேசைக்கு வந்தார். “தம்பி, இது எப்பக் கணக்குல ஏறும்? யாரப் போய்ப் பாக்கணும்?” நிமிர்ந்து திரையைப் பார்த்தேன். விடிய விடியச் சரிசெய்த திட்டத்தின் பெயர் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அதன்கீழ் ஒரு தொலைபேசி எண் இல்லை, ஓர் அலுவலகத்தின் பெயர் இல்லை. எனக்கும் பதில் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எடுத்த வேலைகளில், நாட்டுப்பண் முடிந்ததும் பத்து நிமிடம் திரையை எனக்குக் கொடுங்கள் என்று கேட்கத் தொடங்கினேன். எந்த அலுவலகம், எந்த நாள், என்னென்ன சான்று, எந்த எண் என்று கொட்டை எழுத்தில் நான்கே வரி. பல இடங்களில் மறுத்தார்கள். இரண்டு மாவட்டங்களில் ஒப்புக்கொண்டார்கள். முதல் முறை அந்த நான்கு வரியைப் போட்டபோது, பேருந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கூட்டம் நின்றது. பின்வரிசையில் இருந்தவர்கள் முன்னால் நடந்து வந்து, மேடையில் யாருமே இல்லாத அந்தத் திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள்.