இடது கால் படும் பாடு

போன மாதம் நான் ஒரு கார் வாங்கினேன்.

உடனே, 'பத்திரிகையில் எழுதினால் இவ்வளவு கொடுக்கிறார்களா!' என்று பேனாவைத் தேடாதீர்கள். பழைய கார்தான். 2014 மாடல். 68,000 கிலோமீட்டர் ஓடியது. விலை 1,85,000 ரூபாய். பாதி என் சேமிப்பு, பாதி மைத்துனரிடம் கடன். பி.காம். படித்தவனாயிற்றே, கடன் கணக்கைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறேன். மைத்துனர் அதைவிடத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்.

பழைய கார் விற்கிறவர்கள் எல்லோரும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள் போலிருக்கிறது.

"சிங்கிள் ஓனர் ஸார். டாக்டர் வெச்சிருந்த வண்டி. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறதோட சரி!"

நான் பார்த்த ஆறு கார்களும் டாக்டர்கள் வைத்திருந்தவை. ஆறுமே கோயிலைத் தவிர வேறெங்கும் போகாதவை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 11 வருஷம், 572 ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு ஒன்றுக்கு 119 கிலோமீட்டர் வருகிறது. அதாவது அந்த டாக்டர் வாராவாரம் சென்னையிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பியிருக்க வேண்டும். அங்கே கடற்கரைக் கோயிலில் வழிபாடே கிடையாதே ஸார்!

இருந்தாலும் வாங்கினேன். காரணம், அப்பா.

அப்பா 31 வருஷம் நகரப் பேருந்து ஓட்டியவர். ரிடையரான பிறகு இடது முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக் காட்டி, "மூட்டு ரொம்பத் தேஞ்சிருக்கு. மாத்திடறது நல்லது" என்றார். அப்பா அசையவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "கிளட்ச் பிளேட் தேஞ்சு போச்சாம்டி. அவ்வளவுதான்" என்றதோடு முடித்துக்கொண்டார். ஆபரேஷன் என்றால் பயம். அதை மட்டும் சொல்ல மாட்டார்.

அதனால் வாரம் மூன்று நாள் வடபழனியிலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு பிஸியோதெரபி. பஸ் படி ஏற முடியாது. ஷேர் ஆட்டோவுக்குள் கூனிக்குறுகி நுழையும்போது அவர் முகம் போகிற போக்கை நீங்கள் பார்த்திருந்தால், நீங்களும் மைத்துனரிடம் கடன் கேட்டிருப்பீர்கள்.

கார் வந்தது. தேங்காய் உடைத்தாயிற்று. எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. இனி ஓட்ட வேண்டியதுதான் பாக்கி.

எனக்கு லைசென்ஸ் உண்டு. 2012-ல் வாங்கியது. டிரைவிங் ஸ்கூலில் பத்தே நாளில் பிரமாதமாக ஓட்டினேன். பயிற்சி வண்டிகளில் இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர் காலடியிலும் கிளட்ச், பிரேக் இருக்கும் என்பது பதினோராவது நாள்தான் தெரிந்தது. ஓட்டியதெல்லாம் அவர். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கூடவே போயிருக்கிறேன்.

முதல் நாள் காலை. சாவியைத் திருப்பினேன். கிளட்சை மிதித்து, முதல் கியர் போட்டு, காலை எடுத்தேன். கார் கன்றுக்குட்டி மாதிரி ஒரு துள்ளு துள்ளி நின்றது. மறுபடி சாவி. மறுபடி துள்ளல். வீட்டு வாசலிலிருந்து தெருமுனை டீக்கடைவரை 11 தடவை நின்றது. டீக்கடைக்காரர்தான் எண்ணிச் சொன்னார்.

"ஏங்க, இதுக்குத் தள்ளிட்டே போயிருந்தா சீக்கிரம் போயிருக்கலாம்" என்றாள் மனைவி.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. இன்ஜின் பக்கம் ஃப்ளைவீல் என்று ஒரு கனத்த சக்கரம் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும். கியர் பாக்ஸ் பக்கம் கிளட்ச் பிளேட். இரண்டையும் அழுத்தி ஒட்ட வைப்பது பிரஷர் பிளேட். பெடலை மிதித்தால் இரண்டும் பிரியும். விட்டால் சேரும். படக்கென்று சேர்த்தால் இன்ஜினுக்கு மூச்சு முட்டி நின்றுவிடும். சேர்க்கவும் சேர்க்காமல் பிரிக்கவும் பிரிக்காமல் நடுவிலேயே வைத்திருந்தால் உரசி, சூடாகி, கருகல் வாசனை வரும். ஆக, எந்த இடத்தில் பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டு அங்கே நிதானிக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், அந்த இடம் வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் ஆபீஸ் மேனேஜர் மாதிரி. பழையவர் பத்து நிமிஷம் லேட்டானால்தான் பிடிப்பார். புதிதாக வந்தவர் எத்தனையாவது நிமிஷத்தில் பிடிப்பார் என்று யாருக்குத் தெரியும்? நாலு தடவை மாட்டிக்கொண்டுதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்று நாள் அப்பா பால்கனியில் நின்று பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, கைத்தடியோடு இறங்கி வந்து இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார்.

"மைதானத்துக்கு விடு."

எட்டு தடவை நின்று மைதானம் போய்ச் சேர்ந்தோம்.

"ஆக்சிலேட்டர்ல கால் வைக்காதே. கிளட்ச் மட்டும். குதிகாலைத் தரையில ஊனிக்க. பாதத்தை மட்டும் மெதுவா விடு... விடு... இன்ஜின் சத்தம் மாறுது பாரு. வண்டி லேசா அதிருது பாரு. அங்கியே நிறுத்து. அதான் பாயிண்ட்."

கார் எறும்பு மாதிரி நகர்ந்தது. நிற்கவில்லை! எனக்கு சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது. அப்பாவின் புருவம் மட்டும் நெளிந்தது.

"என்னடா இது, மொட்டை மாடியில போய்ப் பிடிக்குது? ஹேண்ட்பிரேக்கை இழு. தேர்ட் கியர் போடு. கொஞ்சம் ஆக்சிலேட்டர் குடுத்து, கிளட்சை மெதுவா முழுசா விடு."

விட்டேன்.

"நல்ல கிளட்சா இருந்தா இன்ஜின் இந்நேரம் நின்னிருக்கணும். இது பாட்டுக்கு ஓடிட்டிருக்கு பாரு. ஸ்லிப் ஆவுது. உங்க டாக்டர் எந்நேரமும் கிளட்ச் மேலயே காலை வெச்சு ஓட்டியிருக்காரு."

பழைய கார் வாங்கப் போகிற நண்பர்களே, இந்தப் பரீட்சையைப் பணம் கொடுப்பதற்கு முன்னால் செய்யுங்கள். ஃபார்ம் 29, ஃபார்ம் 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்தைச் சரிபார்த்த நான் இதைச் செய்யவில்லை. காமர்ஸ் மூளை காகிதத்தோடு நின்றுவிட்டது.

மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு, பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றச் சொன்னார். கூலியோடு 7,400 ரூபாய். மைத்துனர் நோட்டில் இன்னொரு வரி.

கழற்றிய பழைய பிளேட் கீழே கிடந்தது. அப்பா குனிய முடியாமல் குனிந்து அதை எடுத்தார். ரிவெட் தலை தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. கட்டை விரலால் சுற்றித் தடவிக்கொண்டே இருந்தார்.

எனக்கு வேறு வேலையில்லாததால் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. ஒரு டிரிப்புக்கு 30 ஸ்டாப்பிங். ஸ்டாப்பிங்குக்கு மூன்று தடவை கிளட்ச். நாளைக்கு எட்டு டிரிப் என்றால் 720. சிக்னல், மாடு, திடீரென்று குறுக்கே வரும் சைக்கிள் எல்லாம் சேர்த்து 1,000 என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 280 நாள். அப்படி 31 வருஷம்.

86 லட்சத்து 80 ஆயிரம்.

அதுவும் கார் கிளட்ச் இல்லை, அந்தக் காலத்து பஸ் கிளட்ச். எழுந்து நின்று மிதிக்கிற மாதிரி மிதிக்க வேண்டும். அந்த ஒவ்வொரு மிதியிலும் என் ஸ்கூல் ஃபீஸ், காலேஜ் ஃபீஸ், நான் இரண்டு தடவை அரியர்ஸ் எழுதிய காஸ்ட் அக்கவுன்டன்ஸி ஃபீஸ் எல்லாம் இருந்திருக்கிறது. அரியர்ஸ் மட்டும் எத்தனை மிதி இருக்கும் என்று கணக்குப் போடவில்லை. தைரியம் வரவில்லை.

"தேஞ்சா மாத்திட வேண்டியதுதான் பெரியவரே" என்றார் மெக்கானிக், பிளேட்டை வாங்கி ஓரமாகப் போட்டபடி.

"ம்" என்றார் அப்பா.

புது கிளட்ச் வந்ததும் இன்னொரு கூத்து. மொட்டை மாடியில் பிடித்தது இப்போது தரைத்தளத்திலேயே பிடித்தது. இத்தனை நாள் பழகியதை மறந்து முதலிலிருந்து பழக வேண்டியதாயிற்று. டீக்கடைக்காரர் மறுபடி எண்ண ஆரம்பித்தார். ஆனால் இந்த முறை ஆறாம் நாளே அவருக்கு வேலையில்லாமல் போயிற்று.

அடுத்த நாள் அப்பாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வழியில் கோடம்பாக்கம் மேம்பாலம். ஏறும்போது சரியாகப் பாதிச் சரிவில் டிராஃபிக் நின்றது. எனக்குப் பின்னால் ஒரு தண்ணீர் லாரி, கண்ணாடியில் அதன் மூஞ்சி மட்டும் தெரிகிற தூரத்தில்.

பின்னால் உருளாமல் இருக்க கிளட்சைப் பாதி விட்டு, ஆக்சிலேட்டரை அழுத்தி, வண்டியைத் தொங்கவிட்டேன். லேசாகக் கருகல் வாசனை வந்தது. 7,400 ரூபாய் வாசனை!

"அரை கிளட்ச்ல நிறுத்தாதேடா, பிளேட் போயிடும். ஹேண்ட்பிரேக் போடு. கியரை எடு. காலுக்கு ரெஸ்ட் குடு."

போட்டேன். எடுத்தேன். கொடுத்தேன்.

முன்னால் இருந்த வண்டிகள் நகர்ந்தன. லாரி ஹாரன் அடித்தது. எனக்குக் கை வியர்த்துவிட்டது. கிளட்ச், முதல் கியர், பாதத்தை மெதுவாக விட்டேன். சத்தம் மாறியது. வண்டி அதிர்ந்தது. கொஞ்சம் ஆக்சிலேட்டர். அப்போது தற்செயலாக இடது பக்கம் பார்த்தேன். அப்பாவின் இடது கால், அந்தத் தேய்ந்த முழங்கால், ரப்பர் மேட்டை அழுத்தி என்னோடு சேர்ந்து மெதுவாக விட்டுக்கொண்டிருந்தது. வலியில் உதட்டைக் கடித்திருந்தார். தான் மிதிப்பது அவருக்கே தெரியவில்லை.

"ரைட்... போலாம்!" என்றார்.

ஹேண்ட்பிரேக்கை விட்டேன். ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை ஸார். பாலத்தின் உச்சிக்கு வந்ததும், "31 வருஷமா எனக்குத்தான் ரைட் குடுத்தாங்க. இன்னிக்குத்தான் நான் குடுக்கறேன்" என்று தனக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

நுங்கம்பாக்கத்தில் அன்று பிஸியோதெரபிக்குப் போகவில்லை. நேராக எலும்பு டாக்டர் அறை வாசலில் போய் உட்கார்ந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கூப்பிட்டதும் உள்ளே போனோம்.

"சொல்லுங்க பெரியவரே" என்றார் டாக்டர்.

அப்பா கைத்தடியை நாற்காலியில் சாய்த்து வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாத்திடலாம்னு சொன்னீங்களே... அந்தப் புது செட்டு எத்தனை கிலோமீட்டர் தாங்கும்?"